ஒரு கப், ரெண்டு ஸ்பூன்

ஏழாவது கல்யாண நாளுக்கு நாங்கள் தூரமாக எங்கேயும் போகவில்லை. ஓ.எம்.ஆரிலிருந்து மேடவாக்கம் நெரிசலைத் தாண்டி நான் சேலையூர் வந்து சேரவே எட்டாகிவிட்டது. ஈ.சி.ஆரில் கடல் தெரிகிற உணவகம் என்று நான் இழுத்தேன். "திரும்பவும் அந்த டிராஃபிக்லயா? எனக்குப் பசிக்குது" என்றாள் மனைவி. கடைசியில் நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் சின்ன கஃபேயில் சாப்பாடு, அங்கிருந்து நாலு கடை தள்ளி இன்னொன்றில் இனிப்பு என்று முடிவானது.

அம்மாவையும் கூப்பிட்டோம். "நான் எதுக்குப்பா? உங்க கல்யாண நாளு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, பாப்பாவ நான் பாத்துக்கறேன்." அப்பா போய் இது மூன்றாவது வருஷம். கல்யாணம் என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் அம்மா ஓரடி பின்னால் போய் நின்றுகொள்கிறாள். நாங்கள் செருப்பு மாட்டும்போது அவளாகவே சொன்னாள்: "நாங்களும் ஒரு தடவ போயிருக்கோம். திண்டிவனத்துல. ஃபேமிலி ரூம்ல உக்கார வச்சாங்க. உங்கப்பா ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு. ஒரே கப்பு, ரெண்டு ஸ்பூன்."

ஒரே ஒரு தடவை. முப்பத்தேழு வருஷக் கல்யாணத்தில்.

*

இதை வாசிக்கிற இருபது வயதுக்காரர்களுக்கு ஃபேமிலி ரூம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கும். என் சின்ன வயதில் எங்கள் பக்கத்துச் சிறுநகர ஓட்டல்களில் முன்கூடம் ஆண்களுக்கு. பெண்கள் வரக்கூடாது என்று எந்தப் பலகையும் கிடையாது. ஆனால் ஒரு பெண் வாசலில் கால் வைத்ததும் கல்லாவில் இருப்பவர் "ஃபேமிலி உள்ள போங்க" என்பார். உள்ளே பலகைத் தடுப்பு, அரைக் கதவு அல்லது அழுக்குப் பச்சைத் திரை, தலைக்கு மேலே மின்விசிறி. அண்ணன் தம்பி ரெண்டு பேர் போனால் அது ஃபேமிலி இல்லை. கூட ஒரு பெண் இருந்தால்தான் ஃபேமிலி. அம்மாவோடு போகும்போது நான் திரைக்கு அந்தப்பக்கம், அப்பாவோடு மட்டும் போகும்போது இந்தப்பக்கம். அதில் விசித்திரமாக எதுவும் எனக்கு அப்போது தோன்றியதில்லை.

அந்தத் திரைக்கு முன்பே வேறொரு திரை இருந்தது. எங்கள் தாம்பரத்துக்குக் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ல். ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. அதே ரயில்வேயின் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்கள் உட்கார ஓர் இடம், மற்றவர்கள் உட்கார வேறோர் இடம். பெரியாரும் அவர் பக்கம் நின்றவர்களும் விடாமல் எதிர்த்த பிறகு, 1941ல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. இந்தப் புறநகருக்கு மின்சாரம் முதலில் வந்தது, பொது மேசை பத்து வருஷம் கழித்து வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் பதினைந்தாவது பிரிவு உணவகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகனையும் கடைகளுக்குள்ளும் பொது உணவகங்களுக்குள்ளும் தடுக்கக் கூடாது. 1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. இத்தனைக்கும் பிறகு 1957ல், திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை அழிக்க திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து, நூற்றுக்கணக்கில் கைதாக வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

பிரிவு பதினைந்தின் அந்தப் பட்டியலில் சாதிக்கு அடுத்த சொல் 'பால்'. சாதிப் பலகையை அழிக்க ஊர் திரண்டது. ஃபேமிலி ரூம் திரையைக் கிழிக்க யாரும் மறியல் செய்ததாக நான் படித்ததில்லை. பெண்ணின் வசதிக்காக, பாதுகாப்புக்காக என்றுதானே அது இருந்தது? அதனால் யாருக்கும் அது பிரிவினையாகத் தெரியவில்லை. அது போனதும் சத்தமில்லாமல்தான். திரை இருந்த இடத்தில் ஏ.சி. வந்தது, பலகை 'ஏ.சி. ஹால்' ஆனது, இட்லி விலை கொஞ்சம் ஏறியது. பெண்ணுக்கென்று ஒதுக்கிய இடம் காசு இருப்பவனுக்கென்று ஒதுக்கிய இடமாக மாறியது.

மிச்சத் திரையை விலக்கியது சம்பளம் என்று நினைக்கிறேன். 2000ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதைத் தொடர்ந்து வந்த கட்டடங்களின் கேன்டீன்களில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து, பேசி, சிரித்து, தங்கள் காசில் சாப்பிட்டார்கள். என் மனைவியை நான் முதலில் பார்த்ததே அப்படி ஒரு மேசையில்தான். அவள் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை நான் எடுத்தேன், கேட்காமல்.

*

கஃபேயில் எங்களுக்குக் கிடைத்தது தெருவைப் பார்த்த கண்ணாடி ஓர மேசை. திண்டிவனத்தில் அம்மாவை மறைத்து உட்கார வைத்தார்கள். இங்கே போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி உட்கார வைக்கிறார்கள். பாஸ்தா வந்தது. மனைவி முதல் வாய் எடுத்துவிட்டு, "சூடா இருக்கு" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

எங்கள் வீட்டில் ராத்திரிக்குப் பெரும்பாலும் தோசை. தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். என் தொழில் மொழியில் சொன்னால் அதை இணையாக ஓட்ட முடியாது, ஒரு கல், ஒரு வரிசை. அதைச் சூடாகச் சாப்பிட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கல் முன்னால் நின்றே ஆக வேண்டும். அம்மா முப்பத்தேழு வருஷம் நின்றாள். இப்போது ஒருநாள் அம்மா, ஒருநாள் மனைவி. நான் தட்டோடு உட்கார்ந்து, சாதியும் சமத்துவமும் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அவர்கள் சாப்பிட உட்காரும்போது கடைசி ரெண்டு தோசை ஆறியிருக்கும்.

ஓட்டல் என்ற ஏற்பாட்டின் ருசி இதுதான் போலிருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் சூடாகச் சாப்பிட வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒருவர் நிற்க வேண்டும். எங்களுக்காக நின்ற பையன் அஸ்ஸாமிலிருந்து வந்தவன். "நீங்க எப்பப்பா சாப்பிடுவீங்க?" என்று மனைவி கேட்டாள். "பதினோரு மணி, அக்கா" என்றான் சிரித்துக்கொண்டே. பில்லை என் பக்கம் வைத்தான். பணம் கட்டியது அவள்.

*

அடுத்த கடையில் சூட்டுத் தட்டில் பிரௌனி, அதன் மேல் வெண்ணிலா ஐஸ்கிரீம். புகை எழும்ப வைத்துவிட்டுப் போனார்கள். கடைக்கு வெளியே பாதி ஊர் வியர்த்துக்கொண்டிருந்தது.

இந்தக் குளிர்ச்சி ஒரு காலத்தில் கப்பலில் வந்தது. பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸ்கட்டிகளை 1833ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றியது 180 டன். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போக 100 டன் அளவுக்கு வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அதற்கான கிடங்கு 1842ல் எழுந்தது. இன்றைக்கும் பஸ் கண்டக்டர்கள் கூவுகிற ஐஸ் ஹவுஸ் அதுதான். துரைமார்களின் கிளாஸுக்கும் அவர்களுடைய சாப்பாட்டு மேசைக்கும் அங்கிருந்து போனது ஐஸ். இங்கேயே ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் வியாபாரம் படுத்தது, கட்டடம் கைமாறியது. 1897ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அது எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அங்கே தங்கியவர்களைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற இளம் விதவைகள் தங்கிப் படிக்க அவர் நடத்திய இல்லம் பிற்பாடு இந்த ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. ஒருவேளைச் சோறு, உப்பு உறைப்புக் குறைத்து, பிறர் கண்ணில் படாமல் என்று வீட்டில் விதிக்கப்பட்ட பெண் பிள்ளைகள், துரைமார்களின் ஐஸுக்காகக் கட்டிய கட்டடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், படித்தார்கள், ஆசிரியைகளாக வெளியே போனார்கள்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் ஐஸ்கிரீம் பாதி உருகிவிட்டது. மனைவி ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அத்தைக்கு வாங்கிட்டுப் போலாம்" என்றாள்.

வீட்டுக்குப் போனபோது பாப்பா தூங்கியிருந்தாள். அம்மா டப்பாவைத் திறந்து பார்த்து, "நாளைக்குப் பாப்பாவுக்குக் குடுக்கலாமே" என்றாள். கரைஞ்சிடும்மா என்று சொன்ன பிறகு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டாள். உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும், ரெண்டு வாய்தானே."

மறுநாள் ராத்திரி தோசைக் கல் முன்னால் நான் நின்றேன். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவது அடிப்பிடித்தது. "தள்ளு, நான் ஊத்தறேன்" என்று அம்மா பாதி எழுந்துவிட்டாள். மனைவி அவள் கையைப் பிடித்து, "உக்காருங்கத்தை" என்றாள். அம்மா உட்கார்ந்தாள். மூன்றாவது தோசை ஓரளவு வட்டமாக வந்தது. அதைத் தட்டில் போட்டபோதும் அவள் தோசையைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.