வெள்ளையும் வள்ளிக்கிழங்கும்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் உள்ளது செண்பகத்தோப்பு. இங்குள்ள பளியர்கள் காட்டுவள்ளிக் கிழங்கு தோண்டி உண்டு வாழ்ந்த மக்கள். அக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த வேறொன்று சீனத்தில் மருந்தாயிற்று. எந்த நோய்க்கு என்றால், நாம் வாய்விட்டுச் சொல்லக் கூசும் வெள்ளைப்படுதலுக்கு.

சீனர் இந்நோயைத் 'தாய்சியா' என்றனர். 'கச்சைக்குக் கீழே' என்பது பொருள். பெண்களை மதிக்கும் ஹான்தான் நகருக்கு வந்த பியான் சுவே என்னும் மருத்துவர், அங்கே 'தாய்சியா மருத்துவர்' ஆனார் என்று எழுதுகிறார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வரலாற்றாசிரியர் சிமா சியன். ஃபூ ஷான் (1607–1684) பெயரில் 1827இல் அச்சான பெண் மருத்துவ நூல் இந்நோயிலிருந்தே தொடங்குகிறது. வெள்ளை, பச்சை, மஞ்சள், கறுப்பு, சிவப்பு என அதை ஐந்தாகப் பகுத்து, எல்லாவற்றிற்கும் உடலில் தேங்கிய ஈரமே மூலம் என்கிறது. வெள்ளைக்கு அது சொல்லும் பத்துச் சரக்குக் கஷாயத்தில் வள்ளிக்கிழங்கு முதன்மைச் சரக்குகளில் ஒன்று.

நம் பாட்டிமார் சொன்னது ஈரமன்று, சூடு. சித்த மருத்துவம் தண்ணீர்விட்டான் கிழங்கையும் கற்றாழையையும் குளிர்ச்சிக்கென்று கொடுத்தது. போகரைச் சீனத்தோடு இணைக்கும் கதைகள் நம்மிடம் உண்டு. ஆனால் கதையை வைத்து ஒரு மருத்துவம் மற்றதன் பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் கேட்ட கேள்வி மட்டும் ஒன்று: போன நோய் ஏன் திரும்பி வருகிறது?

இரண்டும் காணாதது பூஞ்சையை. இயல்பான கசிவும், பாக்டீரியத் தொற்றும், பூஞ்சைத் தொற்றும் 'வெள்ளை' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தன. கேண்டிடா என்ற பேரினப் பெயரை 1923இல் சூட்டியவர் கிறிஸ்டின் பெர்க்ஹவுட். அதனை அடக்கும் நிஸ்டாட்டினை 1950இல் அறிவித்தவர்கள் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும். மூவரும் பெண்கள்.

ஆண்டுக்கு மூன்று முறையேனும் வந்தால் அது மீள்தொற்று. அதற்கு ஆறு மாதம் வரை வாராந்திர மாத்திரை தரப்படுகிறது. கட்டுப்படாத நீரிழிவும், அடிக்கடி உட்கொள்ளும் ஆன்டிபயாட்டிக்கும் காரணமா என்றும் பார்க்கிறார்கள். உடலின் நிலத்தைப் பார் என்ற பழைய அறிவுரை முற்றிலும் வீணில்லை. ஆனால் சோதனையின்றிச் 'சூடு' என்று சொல்லிக் கஷாயத்தோடு காலம் கடத்தினால், நீரிழிவும் மறைந்தே வளரும்.

ஹான்தானில் ஒரு மருத்துவர் வெளிப்படையாக ஏற்ற பெயரை, நம் வீடுகளில் தாய் மகளிடம்கூடத் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறாள். மருந்து எட்டும் தொலைவில் வந்துவிட்ட பிறகும் அக்குரல் உயரவில்லை என்பதே நம்மை உறுத்துகிறது.