கட்டுச்சோற்றின் கணக்கு

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்தணியில் இருக்கும் என் வீட்டுக்கு அக்கா மகள் வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. வாரத்தில் ஆறு நாள் கம்பெனி பஸ், ஏழாவது நாள் தூக்கம். அன்றைக்குத் தூங்காமல் வந்திருந்தாள்.

"சித்தி, ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

கணக்கு இதுதான். அவளும் அவள் விரும்பும் பையனும் ஒருநாள் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போக வேண்டும். அதிகபட்சம் 2000 ரூபாய். நுழைவுச்சீட்டு இரண்டுக்கு 1500. ரயில், பஸ் எல்லாம் சேர்த்து 100. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து அவளுக்கு டிக்கெட் இல்லை, அவனுக்கு உண்டு. மீதி 400. வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். உள்ளே விற்பதை வாங்கினால் அந்த 400 ஒருவேளைக்கே காணாது.

"ரெண்டு பேரும் எதிரெதிர்ல உக்காந்து நிதானமா சாப்பிடணும் சித்தி. அவ்ளோதான் ஆசை. எல்லாத்தையும் நானே குடுக்கிறேன்னு அவன் சொல்றான். எனக்கு வேணாம்னு இருக்கு. ஏன்னு சொல்லத் தெரியல."

எனக்குத் தெரியும். வரலாறு படித்ததால் தெரியும், பட்டதாலும் தெரியும். அவள் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன். இரண்டு பேர் குறைந்த செலவில் சாப்பிட்ட சாப்பாடுகளின் வரலாற்றில், பில்லில் ஏறாத ஒரு செலவு எப்போதும் இருந்திருக்கிறது. அதைக் கட்டியவள் பெரும்பாலும் பெண்.

எங்கள் மலையிலிருந்தே தொடங்கலாம். வள்ளியைத் திருமணம் செய்த முருகன் அவளோடு வந்து அமர்ந்த இடம் தணிகை என்பது ஊர் நம்பிக்கை. அந்தக் காதலில் ஒரு சாப்பாடு வருகிறது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் முருகன் கிழவனாக வேடமிட்டு வந்து பசிக்கிறது என்கிறான். தினைப்புனம் காக்கும் வள்ளி தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். அடுத்து தாகம் என்கிறான். சுனைக்கு அழைத்துப் போகிறாள். அதற்குப் பிறகுதான் காதல் கேட்கிறான். காட்டில் கிடைத்த தேன், புனத்தில் விளைந்த தினை, காசு செலவில்லை. ஆனால் பரண்மேல் நின்று கவண்கல் எறிந்து அந்தத் தினையைக் காத்தவள் அவள். மாவிடித்தது ஒரு கை, பரிமாறியது ஒரு கை. எத்தனையோ பேர் இந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வள்ளியும் சேர்ந்து சாப்பிட்டாள் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்தது என் அம்மாவின் கட்டுச்சோறு. அம்மா அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்துப் பெண். அவர் பிறந்தபோது இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். எல்லை நகர்ந்த பிறகும் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புளிசாதம், அடுத்த வீட்டில் புளிஹோரா. பெயர்தான் இரண்டு. அதைக் கிளறுவதற்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர்கள் இரண்டு வீட்டிலும் பெண்கள்தான்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல்நாள் இரவே அம்மா நல்லெண்ணெயில் புளிக்காய்ச்சல் காய்ச்சி வைப்பார். காலையில் சோறு வடித்து, ஆறவிட்டு, கிளறி, மந்தார இலையில் பொட்டலம் கட்டுவார். மலையேறி இறங்கி, சரவணப்பொய்கை அருகே நிழல் பார்த்து உட்காருவோம். அப்பா, மாமா, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து ராட்டினம் பார்க்கப் போன பிறகு, மிஞ்சிய பொட்டலத்தை அம்மா பிரிப்பார். "ஓட்டல்ல சாப்பிட்டிருந்தா எவ்ளோ ஆகியிருக்கும்! நம்ம சாப்பாடு காசில்லாம முடிஞ்சுது" என்பார் அப்பா. தறி வீட்டில் இந்தக் கணக்கு புதிதில்லை. தறியில் உட்கார்ந்தவர் பெயரில்தான் கூலி வரும். பக்கத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் தார் சுற்றியவளின் வேலை அந்தக் கூலிக்குள் கரைந்துவிடும். கட்டுச்சோறு மலிவாக இருந்ததற்குக் காரணம், அம்மாவின் மூன்று மணிக்கு யாரும் விலை போடாததுதான்.

அப்படியானால் ஓட்டலில் சாப்பிடலாமே? அங்கேயும் எல்லோரும் ஒரே மாதிரி நுழைந்ததில்லை. சாதி பார்த்து இடம் பிரித்த காப்பிக் கடைகளின் கதையை ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு, 'பிராமணாள்' என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் நடத்தினார். அந்தப் பலகைக்கு ஒரு தேதி இருக்கிறது. பெண்களுக்கு மாட்டியிருந்த பலகையை வரலாறு அந்த அளவுக்குக் கண்டுகொள்ளவில்லை. 'பேமிலி ரூம்' என்று எழுதி, பச்சைத் திரை போட்ட அந்தச் சிறிய அறைகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடும்பத்தோடு வந்த பெண்ணுக்குத் திரைக்குள் இடம். தனியாக வந்தவளுக்குத் திரைக்கு உள்ளேயும் இடமில்லை, வெளியேயும் இடமில்லை. ஒரு ஆணோடு வந்தால் அவன் கணவனா என்று சர்வர் பார்க்கும் பார்வை தோசைக்கு முன்னால் வந்துவிடும்.

அந்தத் திரைக்குள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 1992, கல்லூரி முடித்த வருடம். எனக்கு வேலையில்லை, அவனுக்கு இருந்தது. மாதத்தில் இரண்டு முறை பக்கத்து ஊர் ஓட்டல் ஒன்றில் நெய் ரோஸ்ட், காப்பி. ஒவ்வொரு முறையும் அவன்தான் கொடுத்தான். கொடுக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் ஒரு லாட்ஜுக்கு வரச் சொன்னான். மறுத்தேன். சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தான். தேதிவாரியாக எழுதி வைத்திருந்தான். "உனக்கு எவ்ளோ செலவு பண்ணியிருக்கேன் தெரியுமா? 346 ரூபாய்." அன்றுவரை நான் சாப்பிட்டது கடன் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் முதல் சம்பளத்தில் 346 ரூபாய்க்கு மணியார்டர் அனுப்பினேன். ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

இது என் ஒருத்தியின் கதை என்றே பல வருடம் நினைத்திருந்தேன். பிறகு கேத்தி பைஸ் 1986இல் எழுதிய 'சீப் அம்யூஸ்மெண்ட்ஸ்' நூலைப் படித்தேன். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நியூயார்க்கின் தொழிலாளிப் பெண்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்பதுதான் நூல். தையல் கூடங்களிலும் கடைகளிலும் வேலை செய்த இளம்பெண்கள் சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொடுத்தார்கள். அவர்களுடைய சகோதரர்கள் தங்களுக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தும், வண்டியில் போகாமல் நடந்தும் காசு மிச்சம் பிடித்தார்கள். அப்போதுதான் கோனி ஐலண்ட் கடற்கரையில் 1897இல் ஸ்டீபிள்சேஸ், 1903இல் லூனா பார்க் என்று கேளிக்கைப் பூங்காக்கள் வந்தன. இன்றைய பூங்காக்களுக்கு அவை பாட்டிகள். அங்கே போகவும் சாப்பிடவும் பெண்களுக்குக் காசு போதவில்லை. ஆண்கள் 'ட்ரீட்' கொடுத்தார்கள். பதிலுக்குச் சிரிப்பிலிருந்து உடல்வரை எதை எதிர்பார்ப்பது என்பது சொல்லப்படாத பேரமாக இருந்தது. அந்தப் பெண்களை பைஸ் பாவப்பட்டவர்களாக மட்டும் காட்டவில்லை. அவர்கள் சந்தோஷத்தைத் தேடிப் போனவர்கள், பேரத்தில் தங்கள் எல்லையையும் வகுத்தவர்கள். ஆனால் பேரம் எங்கிருந்து வந்தது என்பது தெளிவு: ஆணின் கூலி கூடுதல், பெண்ணின் கூலி குறைவு. 'ட்ரீட் எப்போ?' என்று நாம் இன்று விளையாட்டாகக் கேட்கும் சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

நம் நாட்டுக்கு இந்தப் பூங்காக்கள் தாமதமாகவே வந்தன. டெல்லியில் அப்பு கர் 1984இல் திறந்தது. தாம்பரம் அருகே கிஷ்கிந்தா 1995இல் வந்தது. அதுவரை நம் காதலர்களுக்குத் திருவிழா ராட்டினமும், சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியின் டெல்லி அப்பளமும்தான். பூங்கா புதிதாகக் கொடுத்தது ஒன்று உண்டு: சீட்டு வாங்கியவர்களை யாரும் 'இங்கே உனக்கென்ன வேலை' என்று கேட்பதில்லை. மும்பையை ஆராய்ந்து ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூலின் மையமே இந்தக் கேள்விதான். பொதுவெளியில் நிற்கும் பெண் எப்போதும் ஒரு காரணத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் சும்மா இருக்கும் உரிமை அவளுக்கில்லை. பூங்காவின் நுழைவுச்சீட்டு அந்தக் காரணத்தை 750 ரூபாய்க்கு விற்கிறது.

என் அக்கா மகளுக்கு அது வெறும் சொகுசில்லை. அவனும் அவளும் வேறு வேறு சாதி. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். அந்தக் காட்சியைக் கைபேசியில் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. மலைப்படியில் உட்கார்ந்து பேசினால் பத்து நிமிடத்தில் அக்காவுக்குச் செய்தி போய்விடும். பூங்கா வாசலில் பையைத் திறந்து பார்ப்பவர் புளிசாதத்தைத் தேடுவார், சாதியைத் தேடமாட்டார்.

அந்தச் சோதனைக்கும் சட்டத்தின் பக்கபலம் இருக்கிறது. 2023 ஜனவரியில் திரையரங்குகள் தொடர்பான வழக்கில், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்றும் சொன்னது. பூங்காக்கள் பையைத் தடவுவதும் அதே நியாயத்தில்தான். ஆக, அம்மாவின் இலவச உழைப்பு வாசலில் நின்றுவிடுகிறது. உள்ளே எல்லாவற்றுக்கும் விலை. விலை கூடக்கூட, பணம் வைத்திருப்பவனின் 'நானே குடுக்கிறேன்' என்ற குரலும் கூடுகிறது. அவளுக்குச் சொல்லத் தெரியாமல் உறுத்தியது அதுதான்.

இதையெல்லாம் அவளிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. மணியார்டர் ரசீதை மட்டும் எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து நடுவில் கோடு போட்டோம். இடப்பக்கம் பணம், வலப்பக்கம் வேலை.

பணம்: ஆளுக்கு 1000. யாருக்கு யாரும் ட்ரீட் இல்லை. காலையில் கேட் திறக்கும் முன், வெளியே மர நிழலில் கட்டுச்சோறு, சாமானுக்கு 80. மதியம் உள்ளே ஒரு தட்டு வாங்கி இருவரும் பங்கு, கூட ஆளுக்கொரு ஐஸ்கிரீம், 180. தண்ணீருக்குக் காசு கொடுப்பதில்லை, காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் குழாயில் பிடிப்பது. சாயங்காலம் திரும்பும் வழியில் பூந்தமல்லியில் டிபன், 100. மொத்தம் 360. திரும்பி வரும் காசு அவளுடைய பர்சில் தனியாக.

வலப்பக்கத்தில்தான் அவள் பேனா நின்றது. "கட்டுச்சோறு நான் செஞ்சுடறேன் சித்தி. மூணு மணிக்கு எழுந்தா..." என்று ஆரம்பித்தவள் தானே நிறுத்திக்கொண்டாள். அவன் நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான்; சமைக்கத் தெரியும். 'சோறு: அவன்' என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். நாலாயிரம் ரூபாய் கேட்டிருந்தால்கூட அவ்வளவு தயங்கியிருக்க மாட்டாள்.

பங்குனியில் போய் வந்தார்கள். அன்று இரவு எட்டு மணிக்கு அவள் வீடு போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரும்வரை நான் வாசலில்தான் நடந்துகொண்டிருந்தேன். மறுவாரம் வந்தபோது முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் சொன்னாள். "புளிசாதம் சித்தி. உப்பு ஜாஸ்தி. கடலை கருகிப்போச்சு. பிரிச்சு என் கைல குடுத்துட்டு, 'நீ மொதல்ல சாப்பிடு, நல்லாயில்லைன்னா சொல்லு'ன்னான். நல்லாயில்லன்னேன். ரெண்டு பேரும் முழுசா சாப்பிட்டோம்."

இந்தக் காதல் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் சொல்ல வேண்டிய நாள் வரும். அன்று நான் யார் பக்கம் நிற்பேன் என்பது எனக்குத் தெரியும். மிச்சமான 40 ரூபாயை ஆளுக்கு 20 என்று பிரித்துக்கொண்டார்களாம். நோட்டுப் பக்கத்தைக் கிழித்து என்னிடம் கொடுத்தாள். மணியார்டர் ரசீது இருக்கும் உறையிலேயே அதையும் வைத்திருக்கிறேன்.