பகுப்பாளரைப் பகுத்தல்: பயிற்சிப் பகுப்பின் அறச்சிக்கல்கள்

1. வரையறை

உளப்பகுப்பாய்வைத் தொழிலாகக் கொள்ள விழைபவர், மூத்த பகுப்பாளர் ஒருவரிடம் தாமே பகுப்புக்கு உட்படுவதைப் ‘பயிற்சிப் பகுப்பு’ என்கிறோம். தம் மனத்தின் மறைவிடங்களை அறியாதவர் பிறர் மனத்தைச் செவ்வனே கேட்க இயலாது என்பதே இதன் அடிப்படை. 1920இல் பெர்லினில் தொடங்கிய உளப்பகுப்பாய்வு மருத்துவகத்தில் ஹான்ஸ் சாக்ஸ் பயிற்சிப் பகுப்பாளர் பணியை ஏற்றார். 1925ஆம் ஆண்டில் உளப்பகுப்பாளர்கள் கூடிய பாட் ஹோம்பர்க் மாநாட்டுக்குப் பின் இது பன்னாட்டு நெறியாக நிலைபெற்றது.

2. ஈருறவும் அதன் வகைகளும்

சிகிச்சை உறவோடு வேறோர் உறவும் அதே இருவரிடையே நிலவுவது ‘ஈருறவு’. அது குருதிவழி, தொழில்வழி, அதிகாரவழி என மூவகைப்படும். ஃபிராய்ட் 1918இல் தம் மகள் அன்னாவையே பகுக்கத் தொடங்கியது முதல்வகை. பகுப்பாளர் வினிகாட்டிடம் பகுப்புக்குச் சென்ற மசூத் கான், அவர் எழுத்துகளைப் பதிப்பிக்கவும் துணைநின்றது இரண்டாம்வகை. இவ்விரண்டின் தீங்கும் எளிதில் புலப்படுவது, விரிக்க வேண்டுவதில்லை.

3. அதிகாரவழி ஈருறவு

மூன்றாவதே கொடியது என்பது எம் துணிபு. பயிற்சி பெறுபவரின் தகுதி குறித்து அவருடைய பகுப்பாளரே நிறுவனத்துக்குத் தெரிவிப்பதை ‘அறிக்கைமுறை’ எனலாம். மனத்தில் எழுவதையெல்லாம் தணிக்கையின்றிச் சொல்வது பகுப்பின் அடிப்படை விதி. சொன்னதைக் கொண்டே தொழில் மறுக்கப்படலாம் என்று அறிந்தவர் அவ்விதியை எங்ஙனம் பேணுவார்? அவர் பொய் சொல்வதில்லை. நலமடைந்தவராகத் தோன்றக் கற்றுக்கொள்கிறார். மறைகாப்பு குலைவதோடு சிகிச்சையே நடவாமற் போகிறது. நிறுவனங்கள் பல இம்முறையைக் கைவிட்டது முற்றிலும் சரியே.

4. வெளிவராச் சினம்

அறிக்கை ஒழிந்தாலும் ஒரு சிக்கல் எஞ்சும். பண்டைய உறவுகளின் உணர்ச்சிகள் பகுப்பாளர்மேல் படர்வது ‘உணர்ச்சிப் பெயர்வு’. அதில் அன்பும் உண்டு, பகையும் உண்டு. நாளைய சகதொழிலரிடம் பகையைக் காட்டப் பயிற்சி பெறுபவர் அஞ்சுவார். அதைக் கிளறப் பகுப்பாளரும் தயங்குவார். தம் எதிர்ப்புணர்ச்சியை ஃபிராய்ட் வெளிக்கொணரவில்லை என்று, அவரிடம் பகுப்புக்கு உட்பட்ட ஃபெரென்சி பின்னாளில் குறைகூறினார். ஃபெரென்சி மறைந்தபின், 1937இல், ஒரு கட்டுரையில் ஃபிராய்ட் பெயர் சுட்டாமல் விடையிறுத்தார்: அக்காலத்தில் அதன் அறிகுறியே தென்படவில்லை என்பது அவ்விடை. தென்படாமைக்கு இருவரின் நட்பே காரணமாயிருக்கலாம் என நாம் கருதுகிறோம்.

அதே கட்டுரையில், பகுப்பாளர் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் பகுப்புக்கு உட்பட வேண்டும் என்றும் அவர் பரிந்துரைத்தார். அந்நிலையில் மூத்தவர் தம் சங்கத்துக்குள் யாரை நாடினாலும் அவர் தம் மாணவராகவோ போட்டியாளராகவோ இருப்பார். ஆகவே வேற்றுநகரத்து, வேற்றுச் சங்கத்துப் பகுப்பாளரை நாடுவதை நெறியாக வகுத்தல் வேண்டும்.