தெள்ளு: ஒரு சொல்லுக்குள் மறைந்திருந்த இரு பூச்சிகள்

அண்மையில் ராபர்ட்சன்பேட்டை மாணவர் ஒருவர், தம் வீட்டுச் சுவரோரம் பிடித்த பூச்சியைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பி, இது என்ன என்று கேட்டிருந்தார். பக்கவாட்டில் தட்டையான உடல், சிறகில்லை, நீண்ட பின்கால்கள். தெள்ளு என்று பதில் எழுதினேன். ‘எந்தத் தெள்ளு?’ என்று மறுகேள்வி வந்தது. அவர் வாழும் கோலார் தங்கவயலின் வரலாற்றில் அது அற்பமான கேள்வி அன்று.

வீட்டில் இரத்தம் உறிஞ்சும் சிற்றுயிர்களைத் தமிழ் செம்மையாகவே பிரித்திருக்கிறது. பேன் வேறு, மூட்டை வேறு, உண்ணி வேறு, தெள்ளு வேறு. தெள்ளு மலையாளத்தில் செள்ளு, கன்னடத்தில் சிகட. ஆனால் எலியின் மேல் வாழும் தெள்ளிலேயே இரண்டு மூன்று இனங்கள் உண்டு என்பதை இம்மொழிகளின் பேச்சுவழக்கு எதுவும் குறிக்கவில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டுக்குப் பெயர் பிறக்க வழியில்லை. வியப்பு என்னவெனில், நுண்ணோக்கி வைத்திருந்தவர்களும் நெடுநாள் அதைக் கவனிக்கவில்லை.

1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூரை அடைந்தது. மைசூர் சமஸ்தானம் முழுவதும் அது பரவியபோது தங்கவயலும் தப்பவில்லை. ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்கங்களில் உழைத்தோர் பெரும்பாலும் வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊருக்கும் சுரங்கத்துக்கும் இடையே பௌரிங்பேட்டை (இன்றைய பங்காரப்பேட்டை) வழியாக ஓயாமல் பயணித்தவர்கள். நோய் எதனால் பரவுகிறது என்று அரசுக்குத் தெரியாத காலத்தில், பயணிக்கும் உடலே முதல் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. அக்காலப் பிளேக் நடவடிக்கைகள் எங்கும் ஏறத்தாழ ஒரே வகையின: ரயில் நிலையத்தில் உடற்சோதனை, வீட்டைக் காலிசெய்தல், கூரையைப் பிரித்தல், துணிமணியை எரித்தல். குற்றம் ‘கூலிகளின் பழக்கவழக்கங்கள்’ மீது விழுந்தது.

அதே 1898இல், கராச்சியில் பால் லூயி சிமோன் எலியிலிருந்து எலிக்கு நோயைக் கொண்டுசெல்வது தெள்ளே என்று சோதனைவழிக் காட்டினார். பலர் நம்பவில்லை. 1905 முதல் பம்பாயில் கிளென் லிஸ்டனும் பிளேக் ஆய்வுக் குழுவினரும் அதை உறுதிசெய்தனர். அவர்கள் கையாண்ட உத்தி எளியது: பிளேக் கண்டு மக்கள் வெளியேறிய வீட்டுக்குள் சீமைப்பெருச்சாளியை விட்டுவைத்தனர், பசித்த தெள்ளுகள் அதன்மேல் ஏறின, சீவி எடுத்து எண்ணினர். அவ்வாறு சேர்ந்தவற்றில் மிகுதியாக இருந்ததன் பெயர் கியோபிஸ். சூடானில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1903இல் சார்லஸ் ரோத்சைல்டு, பிரமிடு கட்டிய எகிப்திய மன்னன் பெயரால் இட்ட பெயர் அது. அதன்பின் இந்திய எலிகளில் கண்ட தெள்ளெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே பெயரின் கீழ்ப் பதிவாயின. அறிவியலும் நம் ‘தெள்ளு’ போலவே ஒரு பொதுச்சொல்லில் நின்றுவிட்டது.

இதைக் குலைத்தவர் கொழும்பு நகரின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட். 1914இல் கொழும்பில் பிளேக் தோன்றிய காலத்தை ஒட்டி, அந்நகர எலிகளின் தெள்ளுகளை ஆராய்ந்த அவர், பெரும்பாலானவை கியோபிஸ் அல்ல, ரோத்சைல்டு 1911இல் விவரித்த ஆஸ்டியா என்று கண்டார். பூச்சியைக் காரக் கரைசலில் ஊறவைத்து, உட்சதை கரைந்து உடல் ஒளி ஊடுருவும்படி ஆனபின் நுண்ணோக்கியில் வைத்தால், பெண்பூச்சியின் விந்துப்பை வடிவம் இரண்டையும் பிரித்துக்காட்டும். பூனைத்தெள்ளைக் கண்டறிவது இதைவிட எளிது: அதன் தலையடியில் சீப்புப்பல் போன்ற முள்வரிசை உண்டு, எலித்தெள்ளுக்கு அது இல்லை.

ஆஸ்டியா பிளேக்கைப் பரப்புவதில் திறமை குறைந்தது. சென்னை பெருங்கொள்ளைக்குத் தப்பியதற்கு அதுவே காரணம் என்று ஹர்ஸ்ட் வாதிட்டார். பின்னர் கிராக் இந்தியாவெங்கும் தெள்ளுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, பிளேக் மிகுந்த மாகாணங்களில் கியோபிஸும் சென்னைப் பகுதியில் ஆஸ்டியாவும் மிகுந்திருந்தன. (இவர் பேட்டனுடன் இணைந்து 1913இல் மருத்துவப் பூச்சியியல் பாடநூல் எழுதியவர்.) இவ்விளக்கம் அழகானது என்றாலும் முழுமையானது என்று நான் கருதவில்லை. கடும் வெயிலில் தெள்ளு நோயைப் பரப்பும் ஆற்றல் குன்றுகிறது. ஆகவே சமவெளியின் வெப்பத்துக்கும் பங்குண்டு. தமிழகம் முழுவதும் தப்பியதும் இல்லை. கோயம்புத்தூரின் பிளேக் மாரியம்மன் கோயில்களே சான்று.

ஆயினும் இவ்வடையாளப்படுத்தல் விசாரணையின் திசையை மாற்றியது. கியோபிஸின் புழுக்கள் தானியத் தூசியில் செழித்து வளர்பவை. அப்படியானால் கேட்க வேண்டியது தொழிலாளி எங்கிருந்து வந்தான் என்பது மட்டுமன்று. அவன் உண்ணும் தானியம் எந்தச் சந்தையிலிருந்து, எந்த மூட்டையில், எந்தக் கிடங்கின் வழியாக வந்தது என்பதும்தான். சோதிக்கப்பட்டவை உடல்கள், தெள்ளை நெடுந்தூரம் சுமக்க வல்லவையோ தானிய மூட்டைகள்.

தங்கவயல் சுமார் 850 மீட்டர் உயரத்தில், பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றும் கூடும் இப்பகுதியில் நோய் ஊர்களைவிட்டு அகன்ற பின்னும் வயல்வெளி வெள்ளெலிகளிடையே தங்கியிருந்தது. 1994இல் சூரத் அதிர்வதற்கு முன், இந்தியாவில் மனிதரிடம் உறுதிசெய்யப்பட்ட கடைசிப் பிளேக் 1966இல் பதிவான இடம், தங்கவயலின் அண்டை வட்டமான முல்பாகல்.

மாணவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையடியில் சீப்புமுள் தெரிந்தது. பூனைத்தெள்ளு என்று எழுதி அனுப்பினேன்.