ஹெர்ன்ஹூட் ஊரின் அனுதின வசனம்

ஜெர்மனி தேசத்தின் கீழைக் கோடியில், போஹிமியாவின் எல்லைக்குச் சமீபமாக, லோபௌ நகரத்திலிருந்து ஸிட்டௌ நகரத்துக்குச் செல்லும் பழைய சாலையின் ஓரத்தில், ஹூட்பெர்க் என்னும் சிறு குன்றின் அடிவாரத்தில், 1722-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் தேதி கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சர் ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்தார். மொராவியாவில் பிறந்து, இளமையில் ஆடு மேய்த்து, பின்பு தச்சுத் தொழில் பயின்று, வாலிபப் பிராயத்திலேதான் தமக்கென்று ஒரு வேதபுத்தகத்தைப் பெற்றவர் அவர். அவரை நம்பி அவ்விடம் வந்திருந்தவர்கள், சில வாரங்களுக்கு முன்பு கைக்குழந்தைகளையும் சுமந்துகொண்டு இரவோடிரவாகத் தாய்நாட்டைத் துறந்த ஒரு சிறு கூட்டத்தார். கோடரி மரத்தில் பாய்ந்தபோது அவருடைய நாவில் எழுந்தது, கர்த்தருடைய பீடங்களண்டையில் குருவிகளுக்கும் வாசஸ்தலம் கிடைத்ததைச் சொல்லும் 84-ஆம் சங்கீதத்தின் வசனம் என்று மொராவிய சபையார் இன்றளவும் சொல்லி வருகிறார்கள். வீடிழந்து வந்து வீடு கட்டத் தொடங்கிய மனிதர்களுக்கு அந்த வசனம் எத்தனை பொருத்தம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வேளையில் அவர் எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்க்கவில்லை. இரு கைகளும் கோடரியைப் பற்றியிருந்தன. வசனம் அவருக்குள்ளே இருந்தது.

வேதத்தின் சிறு பகுதிகளை நெஞ்சில் பதித்து வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் மொராவியக் குடும்பங்களில் பக்தியினால் வளர்ந்தது என்பது மெய்யே. நிர்ப்பந்தமும் அதை வளர்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1620-ல் பிராக் நகருக்கு அருகே வெண்மலைப் போரில் புராட்டஸ்டண்டுப் பிரபுக்கள் தோல்வியுற்ற பிறகு, ஜான் ஹஸ்ஸின் உபதேசத்தைப் பின்பற்றிய பழைய சகோதரர் சபை போஹிமியாவிலும் மொராவியாவிலும் வேரோடு பிடுங்கப்பட்டது. அதன் கடைசி அத்தியட்சர்களுள் ஒருவரும் கல்வித்துறையில் உலகப் பிரசித்தி பெற்றவருமான கொமேனியஸ், தாய்நாட்டுக்குத் திரும்பாமலே 1670-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் காலமானார். அந்தச் சபையின் பண்டிதர்கள் மூல பாஷைகளிலிருந்து பெயர்த்து, 1579 முதல் 1593 வரை ஆறு பாகங்களாக அச்சேற்றிய கிராலிட்ஸ் வேதாகமம், ஒரு காலத்தில் வீடுதோறும் போற்றப்பட்டது போய், மறைத்து வைக்க வேண்டிய பொருளாயிற்று. புத்தகத்தைப் பறித்து நெருப்பிலிடலாம்; தாய் தன் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டு மூன்று வசனங்களைப் பறிக்க எந்த அதிகாரிக்கும் வழியில்லை. இப்படி நூறு வருஷம் கழிந்தது.

இந்த அகதிகளுக்கு இடமளித்தவர் நிக்கோலாஸ் லூத்விக் ஸின்ஸெண்டார்ப் பிரபு. 1700-ல் டிரெஸ்டன் நகரில் பிறந்த அவர், பக்தி இயக்கத்தின் தந்தை என்று போற்றப்படும் ஸ்பேனரை ஞானத் தகப்பனாகப் பெற்றவர். பிராங்கே என்பவர் ஹாலே நகரில் நடத்திய பள்ளியில் படித்தவர். தரங்கம்பாடிக்கு ஸீகன்பால்கு என்னும் மிஷனெரியை அனுப்பி வைத்த பக்தி இயக்கத்தின் கேந்திரமாகிய அதே ஹாலேதான். பெர்தல்ஸ்டார்ப் என்னும் கிராமத்தைப் பிரபு வாங்கிய அதே 1722-ல், அவருடைய நிலத்தில் முளைத்த குடியிருப்புக்கு ஹெர்ன்ஹூட் என்று பெயரிட்டார்கள். ஆனால் துன்பத்தினால் புடமிடப்பட்ட மனிதர்கள் கூடினாலே ஒற்றுமை தானாக உண்டாகிவிடுவதில்லை. மொராவியர், லூத்தரன் சபையார், கால்வினின் போதனையைத் தழுவியோர் எனப் பலரும் வந்து குடியேறிய அந்தச் சிற்றூர், ஐந்தே ஆண்டுகளில் வேதவாக்கியங்களைக் கொண்டே ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் நிலைமைக்கு வந்தது. 1727 மே மாதத்தில் பிரபு ஊருக்குச் சில ஒழுங்குகளை ஏற்படுத்தி, வீடு வீடாகச் சென்று பேசி, ஆகஸ்டு 13-ஆம் தேதி பெர்தல்ஸ்டார்ப் ஆலயத்தில் எல்லாரும் ஒரே திருவிருந்தில் பங்குபெறும்படி செய்தார். அன்று ஜனங்கள் அழுது, ஒருவரையொருவர் மன்னித்து, ஒரு மனப்பட்டார்கள். அதே மாதக் கடைசியில், ஆண்களும் பெண்களுமாக மணிதோறும் முறைவைத்து இரவும் பகலும் ஜெபிக்கும் ஏற்பாடு தொடங்கி, நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இந்தப் பின்னணியை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. அடுத்த ஆண்டில் பிறந்த அனுதின வசன வழக்கம் தனிமனிதனுடைய தியான அறையில் உதித்ததன்று. சண்டையிட்டுச் சமாதானமான ஓர் ஊரின் நடுவில் உதித்தது. 1728 மே மாதம் 3-ஆம் தேதி மாலை, வழக்கம்போல் பாட்டு ஆராதனைக்குக் கூடியிருந்த சபையாருக்கு, மறுநாள் முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கிறிஸ்துவின் அன்பைப் பற்றிய சின்னஞ்சிறு வாசகம் ஒன்றைப் பிரபு கொடுத்தார். அந்த முதல் வாசகம் வேத வசனமன்று, ஒரு பாட்டின் அடி. ஆரம்பகாலத்தில் வசனமும் பாட்டும் கலந்தே வழங்கின. அன்று முதல் ஒவ்வொரு நாளும் ஒரு வாசகம் குறிக்கப்பட்டது.

அது வழங்கப்பட்ட விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அப்பொழுது ஹெர்ன்ஹூட்டில் இருந்தவை 32 வீடுகள். காலையில் ஒரு சகோதரர் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, கதவைத் தட்டி, அன்றைக்குரிய வசனத்தைச் சொல்வார். சொல்லிவிட்டு உடனே அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவதில்லை. வீட்டில் யாருக்கேனும் சுகவீனமா, அடுப்பு எரிகிறதா, கணவனுக்கும் மனைவிக்கும் மனத்தாங்கலா, புதிதாக எல்லை கடந்து வந்த விருந்தாளிகள் உண்டா என்பதெல்லாம் அந்தச் சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். திரும்பி வந்து சபை மூப்பர்களிடம் தெரிவிப்பார். வசனம் வீட்டுக்குள் போயிற்று, வீட்டின் நிலைமை வெளியே வந்தது. பிறகு தறியடியிலும் தச்சுப்பட்டறையிலும் வயல்வெளியிலும் ஊரார் அனைவரும் அந்த ஒரே வசனத்தை மனத்தில் புரட்டிக்கொண்டிருப்பார்கள். மாலையில் கூடும்போது அதன்மேலேயே பிரபு பேசுவார். அப்படிப் பேசிய பிரசங்கங்கள் பின்னாளில் அச்சேறின. ஆகவே ஒருவன் காலையில் கேட்டதைத் தன்னளவில் எப்படிப் புரிந்துகொண்டானோ, அதைச் சபையின் நடுவில் சரிபார்த்துக்கொள்ளாமல் உறங்கப் போவதில்லை. வேத ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் வியாக்கியானங்களையுமே சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். இந்த 32 வாசற்படிகளுக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு என்பதே என் துணிபு.

சபை பரவத் தொடங்கியதும் வாசற்படி முறை போதாதாயிற்று. 1731-ஆம் ஆண்டுக்குரிய வசனங்கள் முன்கூட்டியே தொகுக்கப்பட்டு முதன்முறையாக அச்சில் வெளிவந்தன. அன்றிலிருந்து இன்றுவரை ஓராண்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன. 1732-ல் குயவராகிய லியொனார்ட் டோபரும் தச்சராகிய டேவிட் நிட்ஷ்மனும் அடிமைகளுக்குச் சுவிசேஷம் சொல்ல மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் தாமஸுக்குப் புறப்பட்டார்கள். மறு ஆண்டில் வேறு சிலர் பனி மூடிய கிரீன்லாந்துக்குப் போனார்கள். உழைப்பாளிகளாகிய இவர்களுக்குப் பெரிய நூல் நிலையங்களைச் சுமந்து செல்ல வகையில்லை. கையடக்கமான அந்தச் சிறு புத்தகமோ, கரும்புத் தோட்டத்தில் இருப்பவனும் பனிக்குடிசையில் இருப்பவனும் ஊரில் இருக்கும் அவன் தாயும் ஒரே நாளில் ஒரே வசனத்தை வாசிக்கும்படி செய்தது. தபால் வந்து சேர மாதக்கணக்காகும் அக்காலத்தில் இது சாமானியமான ஆறுதலன்று.

வசனங்களைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப்போடும் முறை ஏற்பட்டது. இக்கால வழக்கப்படி, பழைய ஏற்பாட்டிலிருந்து ஏறக்குறைய 1,800 வசனங்கள் எண்ணிடப்பட்டு ஒரு தொகுதியாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஹெர்ன்ஹூட்டில் ஆண்டுக்கொருமுறை கூடி, ஜெபித்து, பாத்திரத்திலுள்ள எண் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றொருவர் அதற்குரிய வசனத்தை வாசிக்க, இன்னொருவர் அந்த நாளுக்கு நேராக எழுதிக்கொள்கிறார். மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அச்சகத்தாருக்கும் அவகாசம் வேண்டுமென்பதால் மூன்றாண்டுகளுக்கு முன்னதாகவே இது நடந்துவிடுகிறது. அந்த வசனத்துக்கு இசைந்த புதிய ஏற்பாட்டு வசனம் மட்டும் சீட்டினால் வருவதன்று. அது ஆராய்ந்து சேர்க்கப்படுவது. ஒன்று நாம் தேடாமல் வருவது, மற்றொன்று நாம் தேடிச் சேர்ப்பது.

சீட்டு என்றவுடன் முகம் சுளிப்போர் உண்டு, அக்காலத்திலும் இருந்தார்கள். 1742-ல் புதிய ஏற்பாட்டுக்கு வார்த்தை வார்த்தையாகக் குறிப்பெழுதி வெளியிட்ட மகா பண்டிதராகிய பெங்கல், 1751-ல் இந்தச் சகோதர சபையைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். வேதத்தை முன்பின் தொடர்போடு, அதன் இலக்கணமும் காலமும் அறிந்து வாசிக்க வேண்டும் என்ற ஹாலே வழிப் பயிற்சியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தனித்து எடுத்த ஒரு வசனம் ஆபத்தானதுதான். தனக்குப் பிரியமான அர்த்தத்தை அதில் ஏற்றிக்கொள்ள எவனுக்கும் முடியும். ஹெர்ன்ஹூட்டார் விவாகத்தையும் ஊழியத்தையும்கூடச் சீட்டுப்போட்டுத் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. அதனால் மனம் நொந்தவர்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கம் படிப்படியாக நீங்கியது நன்மையே. ஆயினும் அனுதின வசனத்தைக் குறிசொல்லும் ஏடாக அவர்கள் கருதவில்லை என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன நடக்கும் என்று அவ்வசனத்திடம் அவர்கள் கேட்கவில்லை. நடப்பது எதுவானாலும் அதன் நடுவில் எதை நினைத்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். தனக்குப் பிடித்த வசனத்தையே நாள்தோறும் தேடிப் படிப்பவனைவிட, தான் தேர்ந்தெடுக்காத ஒரு வசனத்துக்குக் காலையில் கட்டுப்படுகிறவன், தன் சுயவிருப்பத்தை வேதத்தின்மேல் சுமத்தும் ஆபத்துக்குச் சற்றுத் தூரத்தில் நிற்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1760-ல் இந்தச் சகோதரர்கள் நம் சோழ மண்டலக் கரைக்கே வந்துசேர்ந்தார்கள். டேனிஷ் அரசாங்கத்தின் விருப்பப்படி நிக்கோபார் தீவுகளில் குடியேறுவதே அவர்கள் நோக்கம். அதற்கு ஆயத்தமாகத் தரங்கம்பாடிக்கு அருகே நிலம் வாங்கி, வீடு கட்டி, தோட்டம் போட்டு, கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். அந்த இடம் சகோதரர் தோட்டம் என்று வழங்கிற்று. அரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்த ஹாலே மிஷனெரிமார் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஜெர்மனியில் பிறந்த மனக்கசப்பு கடல் தாண்டி வந்துவிட்டது. நிக்கோபாரில் காய்ச்சல் பலருடைய உயிரைக் குடித்தது. 1787-ல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். பிற்பாடு தரங்கம்பாடித் தோட்டமும் கைமாறியது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அனுதின வசனத்தை ஒத்த ஒரு வழக்கம் நன்கு பழக்கமானது. புத்தாண்டு இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தட்டில் குவித்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் வாசித்து, வீட்டுச் சுவரிலோ வேதபுத்தகத்தினுள்ளோ ஓராண்டு காலம் வைத்துக்கொள்கிறோம். அன்பான வழக்கம், பல குடும்பங்களை இக்கட்டான ஆண்டுகளில் தாங்கிய வழக்கம். ஆனால் ஹெர்ன்ஹூட்டின் வசனத்துக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை இருக்கிறது. நம் அட்டையில் வருவது பெரும்பாலும் ஆசீர்வாதமே, அதுவும் ஆளுக்கொன்றாக. அங்கே கண்டிப்பும் வரும், புலம்பலும் வரும், வருவது எதுவானாலும் ஊர் முழுவதற்கும் ஒன்றே.

அந்தப் பொதுமையின் பலத்தைக் கடந்த நூற்றாண்டின் ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. டீட்ரிக் போன்ஹோபர் என்ற ஜெர்மானிய இறையியலாளர் சிறுவனாயிருந்தபோது வீட்டில் அவரை வளர்த்துப் பயிற்றிய மாது ஹெர்ன்ஹூட் மரபைச் சேர்ந்தவர். 1939 ஜூன் மாதத்தில், நண்பர்கள் பாதுகாப்பாக நியூயார்க்கில் ஏற்பாடு செய்திருந்த இடத்தில் இருப்பதா, ஹிட்லரின் ஜெர்மனிக்குத் திரும்புவதா என்று மனம் தவித்த நாள்களில், அவருடைய நாட்குறிப்பில் அனுதின வசனங்கள் இடம்பெற்றன. ஜூலையில் அவர் கப்பலேறித் திரும்பினார். 1943 ஏப்ரலில் கைதாகி, பெர்லினில் டேகல் சிறையில் அடைபட்டார். மறு ஆண்டின் பெந்தெகொஸ்தே நாள்களுக்குரிய வசனங்களுக்குச் சிறு விளக்கங்கள் எழுதிச் சிறையிலிருந்து வெளியே அனுப்பினார். 1944 ஜூலை 20-ஆம் தேதி ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. அந்தச் சதியோடு தமக்கும் தொடர்பு இருந்ததால், தம் முடிவும் நெருங்கிவிட்டது என்பதைப் போன்ஹோபர் அறிந்தார். முன்கூட்டியே விழுந்த சீட்டின்படி, அன்றைக்குரிய வசனம் இரதங்களையும் குதிரைகளையும் நம்பாமல் கர்த்தருடைய நாமத்தை நம்புவோரைப் பற்றிய 20-ஆம் சங்கீதத்திலிருந்து வந்திருந்தது; அதற்கு இணைவசனம் ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்திலிருந்து சேர்க்கப்பட்டிருந்தது. மறுநாளுக்குரியது மேய்ப்பனைப் பற்றிய 23-ஆம் சங்கீதம். அந்த மறுநாளில், இத்தாலியில் படைச்சேவையில் இருந்த தம் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில், நேற்றைய வசனங்களும் இன்றைய வசனங்களும் தமக்கு விசேஷ மகிழ்ச்சி தந்தன என்று அவர் குறிப்பிட்டார். வசனங்களின் வாசகத்தை அந்தக் கடிதத்தில் எடுத்தெழுத வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. பெத்கேயின் கையிலும் அதே ஆண்டின் அதே சிறு புத்தகம் இருந்தது.