ஜெரண்டும் இன்பினிட்டிவும்

ஆங்கில வினையடி ‘இங்’ ஏற்றுப் பெயராக நின்றால் ஜெரண்ட். ‘டு’ முன்வந்தால் பெரும்பாலும் இன்பினிட்டிவ். எது வரும் என்பதைப் பொதுவாக முந்தைய வினையே முடிவுசெய்கிறது. ‘என்ஜாய்’, ‘அவாய்ட்’ முதலியன ஜெரண்டையும் ‘வான்ட்’, ‘டிசைட்’ முதலியன இன்பினிட்டிவையும் கேட்கும். காரணம் தேடிப் பயனில்லை, மனப்பாடம்தான். ‘ஸ்டாப்’ இரண்டோடும் வரும், பொருள்தான் புரண்டுவிடும். கடலூர் சிப்காட் போன்ற ரசாயனத் தொழிற்பேட்டையில் ‘ஸ்டாப் ஸ்மோக்கிங்’ என்று எழுதினால் புகைத்தலை நிறுத்து என்று பொருள். ‘ஸ்டாப் டு ஸ்மோக்’ என்றால் புகைக்க நில்! தமிழில் தொழிற்பெயரும் செயவென் எச்சமும் இவற்றுக்கு ஓரளவே இணை. ‘நீந்தப் பிடிக்கும்’ என்ற பழக்கத்தில் ‘என்ஜாய் டு ஸ்விம்’ என்று எழுதிவிடுகிறோம். வேலை விண்ணப்பங்களில் அதிகம் சறுக்குவது ‘லுக் பார்வர்ட் டு’. அங்குள்ள ‘டு’ முன்னிடைச்சொல், எனவே அதன்பின் ஜெரண்ட் வரும்: ‘ஹியர்’ அன்று, ‘ஹியரிங்’ என்பதே சரி.