ஒரு 'பீப்' ஒலியின் வரலாறு

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய மேசைக் கணிப்பொறிகளைப் பார்த்திருப்பீர்கள். விசையை அழுத்தினால் இயங்குவதில்லை. "செத்துப் போச்சு சார்" என்ற ஒரே வாக்கியத்தில் அவற்றின் கதையை முடித்துவிடுகிறோம். ஒரு பொறி குறைந்தால் ஒரு பெஞ்சில் மூன்று மாணவர் நெருக்கியடித்து உட்கார வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அப்படிப்பட்ட பொறி ஒன்றைத் திருப்பி, முதுகிலுள்ள ஒட்டுச்சீட்டைப் படியுங்கள். அது நம்மூரில் பிறந்ததாகவே இருக்கலாம். எச்.சி.எல். நிறுவனத்தின் கணிப்பொறிகள் சேதராப்பட்டில் உருவாயின. விப்ரோவும் ஐ.பி.எம்.மும் புதுச்சேரியில் ஆலை நடத்தின. ஐ.பி.எம்.மின் மேசைக் கணிப்பொறித் தொழில் 2005இல் லெனோவாவின் கைக்குப் போயிற்று. விப்ரோ 2013இல் கணிப்பொறி உற்பத்தியையே கைவிட்டது. ஒட்டுச்சீட்டில் 'பாண்டிச்சேரி' என்றிருந்தால் அது பெரும்பாலும் 2006க்கு முந்தியது. ஊரின் பெயர் சட்டப்படி மாறியது அந்த ஆண்டில்தான்.

இனி, விசையை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணிப்பொறி கட்டளைகளை நினைவகத்திலிருந்து படித்து வேலை செய்கிறது. ஆனால் மின்சாரம் வந்த கணத்தில் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. அப்படியானால் முதல் கட்டளையைத் தருவது யார்? 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணிப்பொறியில், டேவிட் வீலர் எழுதிய தொடக்கக் கட்டளைகளைத் தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் விசைகளில் கம்பியிணைத்து வைத்திருந்தார்கள். 1975இல் வந்த ஆல்டேர் கணிப்பொறியிலோ, முகப்பிலுள்ள விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி மனிதர்தாம் முதல் கட்டளைகளை ஊட்டினார்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட கணிப்பொறியில் இந்த வேலை அழியாத நினைவகச் சில்லு ஒன்றுக்குப் போயிற்று. அதன் 8088 செயலிக்கு 10,48,576 முகவரிகள் உண்டு. விழித்ததும் அது உச்சியிலிருந்து பதினாறாவது முகவரிக்குத்தான் போகும். அங்கே 'பயாஸ்' காத்திருக்கும். அது உறுப்புகளைச் சோதித்துவிட்டு, எல்லாம் சரியென்றால் ஒரு சிறு 'பீப்' ஒலி எழுப்பும். ஒலி எதற்கு என்கிறீர்களா? திரை வேலை செய்யுமா என்றே தெரியாதபோது குறையை எங்கே எழுதிக் காட்டுவது? ஒரு நீண்ட ஒலியும் இரண்டு சிற்றொலிகளும் வந்தால் திரைக்கான அட்டையில் கோளாறு என்று பொருள். இந்தச் சங்கேதம் பயாஸ் எழுதியவரைப் பொறுத்து மாறும்.

1984இல் ஐ.பி.எம்.மின் ஏ.டி. வகையில் ஒரு கடிகாரச் சில்லு சேர்ந்தது. 64 பைட் அளவேயுள்ள அதன் நினைவகம், மின்கலத்தின் தயவில் பொறியின் அமைப்பை நினைவில் வைத்தது. இன்று அந்த இடத்தில் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள 3 வோல்ட் லித்தியம் வில்லை இருக்கிறது. அது தீர்ந்தால் தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். சில பொறிகள் அங்கேயே முரண்டுபிடித்து நின்றுவிடும். 1995க்குப் பின் வந்த பொறிகளில், சுவர் விசை போட்டிருக்கும்வரை இந்தக் கடிகாரத்துக்கு மின்வழங்கியே தீனி போடுகிறது. நாமோ சிக்கனமாகச் சுவர் விசையை அணைத்துவிடுகிறோம். 2020இல் ஆய்வகங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோதும் இந்த வில்லைகள்தாம் தனியே உழைத்தன.

எல்லாவற்றிலும் இயற்பியலுக்கு நெருங்கிய கோளாறு மின்தேக்கியில் வருவது. செயலிக்கு வேண்டியது ஒன்றரை வோல்ட்டுக்கு அருகில். மின்னோட்டமோ பல பத்து ஆம்பியர். 12 வோல்ட்டை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டித்தான் அதைப் பெறுகிறார்கள். வெட்டிய அலையைச் சமனாக்குபவை செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகள். அவற்றினுள் அலுமினியத் தகடும் மின்பகு திரவமும் உண்டு. 1999 தொடங்கிச் சில ஆண்டுகள் சந்தைக்கு வந்த மின்தேக்கிகள் பலவற்றில் திரவத்தின் சேர்க்கை தவறாக இருந்தது. நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிட, உருளையின் தலை உப்பி வெடித்தது. டெல் நிறுவனம் மட்டும் 2005இல் இதற்காகச் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. திரவத்தின் சூத்திரத்தை யாரோ அரைகுறையாகத் திருடினார்கள் என்று ஒரு கதை உலவியது, சுவையான கதைதான்!

நல்ல மின்தேக்கிக்கும் ஆயுள் உண்டு. வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொறியாளர் கணக்கு. 105 பாகையில் 2000 மணி என்று குறித்த மின்தேக்கி, 65 பாகையில் 32,000 மணி உழைக்கும். தூசி அடைத்த விசிறி அதை 75 பாகைக்கு ஏற்றினால் 16,000 மணிதான். முதல் அழுத்தலில் இயங்காமல், நாலைந்து முறை முயன்றபின் ஓடுகிறதா? திரவம் சூடேறியதும் மின்தடை குறைந்து தற்காலிகமாக உயிர் வருகிறது. மேலே உப்பிய உருளையைத் தேடுங்கள். மின்பொருள் பழுது பார்ப்பவர் பற்றவைப்புக் கோலால் அதை மாற்றித் தருவார்.

கடற்காற்றும் தன் பங்கைச் செய்கிறது. உப்பும் ஈரமும் நினைவக அட்டையின் தொடுமுனைகளில் படலம் படியச் செய்கின்றன. மின்தொடர்பை நீக்கிவிட்டு, அட்டையைக் கழற்றி, முனைகளை மென்மையாகத் துடைத்துப் பொருத்தினாலே பல பொறிகள் எழுந்துவிடும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். செருகியைப் பிடுங்கிய பின்னும் அதன் பெரிய மின்தேக்கிகளில் அந்த மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

பொறியைக் கழித்துக்கட்டும் முன் ஒரு சோதனை. தாய்ப்பலகையில் ஒலிபெருக்கி இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்; பிற்காலப் பெட்டிகள் பலவற்றில் அது இராது, சிறியதாக ஒன்று வாங்கிச் செருகலாம். நினைவக அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விசையை அழுத்துங்கள். பழைய பொறி நினைவகத்தைக் காணோம் என்று திரும்பத் திரும்ப ஒலி எழுப்பினால், மின்வழங்கி, செயலி, பயாஸ் மூன்றும் வேலை செய்கின்றன. குறை நினைவக அட்டையிலோ அதற்குப் பின் வரும் உறுப்புகளிலோதான். ஒலியே இல்லையென்றால் மின்வழங்கியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.